பெண் பார்க்கப் போய் பிரஷர் பார்த்த கதை

ஒரு பொருளை விற்கிறவனுக்கு அதைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கையைக் கெடுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆறு வருடங்களுக்கு முன்னால் நான் கோவில்பட்டியில் ஒரு மருத்துவக் கருவிகள் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பட்டனை அமுக்கினால் தானே காற்று ஏறித் தானே அளவு சொல்லும் பிரஷர் மிஷின் அப்போது எங்களிடம் நன்றாக விற்றது. அதற்காக ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். பட்டையைக் கையில் சுற்றுவது வரைக்கும் காலையில் முடிந்துவிட்டது. மதியம் பிரியாணி. அது எப்படி வேலை செய்கிறது, எப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் பிரியாணிக்குப் பிறகு சொன்னார்களாம். (பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்லித்தான் தெரியும். நான் தூங்கிவிட்டேன்.)

அந்த மாதத்தில்தான் கடம்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஜாதகம் வந்தது. பெண்ணின் பெயர் வேணி. பிசிக்ஸ் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். போட்டோவைப் பார்த்த நிமிடத்திலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. அதற்கு முன் மூன்று வீடுகளில் எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்து, "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். இன்னமும் கலந்துகொண்டிருக்கிறார்கள். இந்தப் பெண்ணும் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் பூவும் பழமும் கொண்டுபோவார்கள், நான் பிரஷர் மிஷின் கொண்டுபோவேன், பெண்வீடே அசந்துபோகும் என்று திட்டமிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிற இடத்துக்கு வியாதி பார்க்கிற மிஷினா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

பெண்ணின் அப்பா கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் போடுகிற சம்சாரி. நல்ல உயரம், கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை, வெண்கலக் குரல். அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே எனக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது. 'மாமா' என்றால் அவசரக்குடுக்கை ஆகிவிடுவேன். 'அண்ணாச்சி' என்றால் பெண் எனக்கு மகள் முறை ஆகிவிடுவாள். 'சார்' என்றால் கடை ஞாபகம் வந்துவிடும். அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே அவர் பக்கத்தில் போய் நின்று, மிஷினைக் காட்டிச் சிரித்தேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். கையை நீட்டிவிட்டார். பத்துப் பேர் முன்னால் சட்டையைக் கழற்றுங்கள் என்று எப்படிச் சொல்வது? சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டேன். அது கயிறு கட்டியதுபோல் இறுகிக்கொண்டது. டீப்பாய் முழுக்கப் போளியும் மிக்சரும் இருந்ததால் கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. வீட்டுப் பெரியவர் என்ற தோரணையில் கால்மேல் கால் போட்டிருந்தார். எல்லாம் போதாதென்று, பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்ட கதையை அப்போதுதான் என் தாய்மாமாவிடம் ஆரம்பித்தார்.

பெண் கேட்டு வந்த இடத்தில் பெண்ணின் அப்பாவைப் பார்த்து வாயை மூடுங்கள் என்று சொல்ல உலகத்தில் எந்த மாப்பிள்ளைக்குத் தைரியம் வரும்? நான் பட்டனை அமுக்கினேன். வரப்பு எங்கே இருந்தது என்று அவர் அந்தக் கையாலேயே காட்டினார். மிஷின் பிழை என்றது. மறுபடி அமுக்கினேன். காற்று முன்னைவிட இறுக்கி ஏறியது, கதையும் கோர்ட்டு வரைக்கும் ஏறியது. திரையில் 187, கீழே 113.

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நான் கடையில் சொல்கிற குரலில் வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

பெண்ணின் அம்மா ஓடிவந்து அவர் வாய்க்குப் போன போளியைப் பிடுங்கினார். ஒருவர் விசிறினார். நாங்கள் வந்த காரிலேயே கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது என்று முடிவாகி, என்னுடைய டிரைவரை என்னையே கூப்பிடச் சொன்னார்கள். பெண் இன்னும் வெளியே வரவே இல்லை. என் தாய்மாமா காதோடு சொன்னார்: "எந்திரிலே. சகுனம் சரியில்ல. இது நமக்கு வேண்டாம்." எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. நானே என் கையால் என் கல்யாணத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வேணி, யாரும் கூப்பிடாமலே, பட்டுச்சேலையோடு நடுக்கூடத்துக்கு வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மிஷினை ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்படியா பிரஷர் பாப்பாக?" என்றாள். "பட்டைக்குள்ள காத்து ஏறி ரத்தக்குழாய அமுக்கி நிறுத்துது. பொறவு மெல்ல மெல்லக் காத்த விடுது. ரத்தம் திரும்ப ஓடும்போது குழாய் துடிக்கும்லா, அந்தத் துடிப்பு பட்டையில உள்ள காத்த அசைக்கும். அந்த அசைவ வச்சுத்தான் மிஷின் கணக்குப் போடுது. அப்பா கைய ஆட்டுனா அதுக்குக் கணக்கு குழம்பும். பேசுனாலே பிரஷர் ஏறும். கை தொங்குனா இன்னும் கூடக் காட்டும்."

அந்த நிமிடம் எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது, அதே சமயம் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போலவும் இருந்தது. ஒருநாள் பயிற்சியில் நான் தூங்கிக் கோட்டைவிட்டதை இவள் அரை நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தாள்.

அவள் அப்பாவைச் சட்டையைக் கழற்ற வைத்தாள், முதுகைச் சாய்க்க வைத்தாள், காலைத் தரையில் ஊன்ற வைத்தாள். போளித் தட்டை எடுத்துவிட்டு டீப்பாயில் இரண்டு தலையணை அடுக்கி, நெஞ்சு உயரத்துக்குக் கையை வைத்தாள். ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது என்றாள். பெண் பார்க்க வந்த வீட்டில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வரப்புக் கதை பாதியில் நின்ற வருத்தத்தில் அவர் உதடு மட்டும் அசைந்தது, மகள் பார்த்ததும் அதுவும் நின்றது. அந்த மனிதர் தொடர்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்ததைக் கல்யாணமானதிலிருந்து அன்றுதான் பார்த்ததாக அவர் மனைவி பிறகு சொன்னார்.

132, கீழே 84. கூடமே பெருமூச்சு விட்டது. எதற்கும் ஒருநாள் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று வேணி சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். மிஷினிலேயே கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று என்னை உட்காரச் சொன்னாள். அவளே என் கையில் பட்டையைச் சுற்றினாள். நான் பேசவில்லை, அசையவில்லை, கால்மேல் கால் போடவில்லை. திரையில் 158 வந்தது. நாடித்துடிப்பு 124.

வேணி நெற்றியைச் சுருக்கினாள். அவள் அப்பா குனிந்து திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"ஏட்டி, மிஷின் நல்லாத்தான் இருக்கு. நீ கொஞ்சம் அங்கன தள்ளிப் போய் நில்லு, கொறஞ்சிரும்."

கூடமே இடிந்து விழும்படி சிரித்தார்கள். என் தாய்மாமா சகுனத்தை மறந்து வெற்றிலைத் தட்டை முன்னால் இழுத்தார். வேணி சிவந்துபோய் உள்ளே ஓடினாள். "உக்காருங்க மாப்பிள்ளை" என்று அவர் சொன்னார், நானும் வாய் நிறைய "சரி மாமா" என்றேன். நூற்றிருபத்து நான்குக்கு மேலே அந்த மிஷின் காட்டுமா என்று அப்போது தெரிந்துகொள்ள முடியவில்லை, பட்டையைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

போன மாதம் என் கொழுந்தியாளை, அதாவது வேணியின் தங்கையை, பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல வேலையில் இருக்கிறான், பார்க்கவும் லட்சணம். பெண் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் மாமனார் பையனைக் கையை நீட்டச் சொல்லி, முறைப்படி தலையணை வைத்து, ஐந்து நிமிடம் எல்லோரையும் வாயை மூடவைத்து, தானே பட்டனை அமுக்கினார். பிறகு என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். முகத்தில் ஈயாடவில்லை.

"பையன் தங்கமான பையன்தான் மாப்பிள்ளை. ஆனா நம்ம பிள்ளையப் பாத்த பொறவும் எழுபத்தி ரெண்டுதான் துடிக்கி. கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புதோம்னு சொல்லிருவோமா?"