இழுத்துப் பார்ப்பவர்

நான் சொல்வதெல்லாம் நடந்தபடியே இருக்கும் என்று உறுதி கூற முடியாது. புது டிஸ்க்கின் நிறம் கறுப்பா கருநீலமா என்பது மறந்துவிட்டது. அன்று மழை பெய்ததா, பெய்யும்போல இருந்ததா என்பதும் மறந்துவிட்டது. கம்ப்யூட்டர் மேசை சுவரை ஒட்டிக் கிடந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"மறுபடியும் வந்துச்சு" என்றார், கட்டடங்களுக்கு பிளான் வரைந்து கொடுக்கும் பிளான்காரர்.

"எது?" என்றாள் மனைவி. கிளினிக்கில் நர்ஸ் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். ஒரு செருப்பு இன்னும் காலில் இருந்தது.

"டக், டக், டக். கம்ப்யூட்டருக்குள்ளேருந்து. டிஸ்க் போகப்போகுது."

அவள் வந்து பெட்டியில் காதை வைத்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விசிறியின் லேசான இரைச்சலைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

"ஒண்ணும் கேக்கலையே."

"நீ வந்தா நிறுத்திக்கும். நான் உத்துக் கேட்டாலும் நிறுத்திக்கும். நான் வேலையில மூழ்கியிருந்தா மட்டும் அடிக்கும். நாம கவனிக்கிறோமான்னு அதுவும் நம்மளைக் கவனிக்குது."

"ஒரு கம்ப்யூட்டருக்கு அவ்வளவு சூதா?"

"உனக்கு உலகம் தெரியாது."

பிளான்காரருக்கு உலகம் தெரியும். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். இழுத்து இழுத்தே ஒரு பூட்டு கையோடு வந்திருக்கிறது. "பாத்தியா, எவ்வளவு மட்டமான பூட்டு!" என்று மனைவியிடம் வெற்றியோடு காட்டினார்.

அந்த டிஸ்க்குக்குள் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. காலமெல்லாம் அடுத்தவர்களின் கார் ஷெட்டையும் கழிவறையையும் வரைந்துகொண்டிருந்தவருக்கு முதன்முதலாகக் கிடைத்த பெரிய கட்டடம். எந்த வகுப்பிலும் மதிய வெயில் குழந்தைகளின் கண்ணில் படாதபடி ஒவ்வொரு சன்னலையும் நகர்த்தி நகர்த்தி வரைந்திருந்தார். கோடுகள் மனம்போல வந்து விழும்போது அவர் பாடுவார். ஆள் இருந்தால் பாட மாட்டார். திங்கட்கிழமை அந்த வரைபடத்தைப் பள்ளிக் குழுவின் முன் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

"என் தம்பியைக் கூப்பிடட்டுமா? கம்ப்யூட்டர் கடையே வெச்சிருக்கான்" என்றாள் மனைவி.

"உன் தம்பி போன தடவை வந்துட்டுப் போனதும் என் மவுஸ் அம்பு பெருசாயிடுச்சு."

"உங்களுக்குக் கண்ணு சரியா தெரியலைன்னுதான் பெருசு பண்ணிக் குடுத்தான்."

"எனக்குக் கண்ணு தெரியலைன்னு அவனுக்கு யார் சொன்னது?"

அவள் பேச்சை மாற்றினாள்.

"பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் இன்னிக்கு கிளினிக்குக்கு வந்தார். வலது கை விரல் முட்டியெல்லாம் வீங்கியிருக்கு. கட்டுப் போட்டு அனுப்பினேன். எப்படி ஆச்சுன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிறார்."

"எதையோ மறைக்கிறான். ராத்திரியில வேலை, பகல்ல தூக்கம்னு சொல்ற ஆளுங்களை நான் நம்பறதேயில்லை."

"ரொட்டியை ராத்திரியிலதாங்க சுடுவாங்க."

"அப்படித்தான் சொல்லிக்கிறாங்க."

மறுநாள் அவர் கடைக்குப் போய், கம்ப்யூட்டருக்கு வெளியே செருகும் டிஸ்க் ஒன்று கேட்டார்.

"இதை எடுத்துக்கோங்க சார். டிஸ்க் இமேஜ் எடுக்கிற சாஃப்ட்வேர் இதோட இலவசம். உங்க டிஸ்க்ல இருக்கிறதை அச்சு அசலா அப்படியே ஒரு பிரதி எடுத்து இதுக்குள்ள வெச்சிடும்" என்றார் கடைக்காரர்.

"இலவசமா? எதுக்கு?"

"எதுக்குன்னா... சும்மாதான் சார்."

"சும்மா குடுக்கிறதுல அவனுக்கு என்ன லாபம்?"

"டிஸ்க் விக்கும்ல?"

"எனக்கு ஒரு பிரதி எடுக்கிறப்ப தனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கமாட்டான்னு என்ன நிச்சயம்?"

"உங்க டிஸ்க்ல அப்படி என்ன சார் இருக்கு?"

பிளான்காரர் அவரைக் கூர்ந்து பார்த்தார். "அதை ஏன் நீங்க கேக்கறீங்க?"

கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினார். மானிட்டரின் மேல் இருந்த கேமராவுக்கு மனைவியின் மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஒட்டினார். பிறகுதான் சாஃப்ட்வேரைத் திறந்தார். பிரதியைப் பூட்டி வைக்க ஒரு பாஸ்வேர்ட் கேட்டது. அதை எழுதி வைக்க அவருக்குக் காகிதத்தின் மேல் நம்பிக்கையில்லை. தான் எப்போதும் பாடும் பாட்டில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் வரிசையாக, வாய்க்குள் முணுமுணுத்தபடியே அடித்தார்.

கொஞ்ச நேரத்தில், பிரதி வெற்றிகரமாக எடுக்கப்பட்டது என்று திரை சொன்னது.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றார்.

சரிபார்க்கும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினார். எல்லாம் சரி என்றது.

"எடுத்தவனே சரின்னு சொன்னா எப்படி நம்பறது?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா வந்து சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு மனைவி வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் போன பிறகு அவர் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பூட்டு பூட்டியிருக்கிறதா என்பதை இழுத்துப் பார்த்தால்தானே தெரியும்? பிரதி நிஜமாகவே பிரதிதானா என்பதை அறிய ஒரே வழி, அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது. அவர் மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்தினார். பாஸ்வேர்ட் கேட்டது. முணுமுணுத்து அடித்தார்.

திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. 'இந்த டிஸ்க்கில் இப்போது உள்ளவை அனைத்தும் அழிக்கப்பட்டு, பிரதியில் உள்ளவை எழுதப்படும். தொடரவா?'

"பயமுறுத்திப் பாக்கிறான். உள்ளே ஒண்ணுமில்லைங்கிறது தெரிஞ்சுடுமேன்னு நடுங்கறான்" என்று சொல்லிக்கொண்டே தொடரச் சொன்னார்.

பச்சைக் கோடு ஒன்று நகர ஆரம்பித்தது. எந்தத் தடங்கலும் இல்லாமல் நகர்ந்தது. அவருக்கு மெல்ல மெல்ல மனம் இளகியது. கடைக்காரரைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வாய் திறந்து பாடினார்.

டக், டக், டக்.

துள்ளி எழுந்தார். டிஸ்க் சாகப்போகிறது, பள்ளிக்கூடத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டுச் சாகப்போகிறது! புது டிஸ்க்கின் ஒயரைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தார். பச்சைக் கோடு பாதியில் நின்றது. பிறகு கம்ப்யூட்டர் எதற்கும் அசையவில்லை.

சாயங்காலம், வேலை முடிந்து வந்த மனைவி கூப்பிட, மச்சான் வந்தான். பெட்டியைக் கழற்றித் தரையில் பரப்பினான். பழைய டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டிச் சோதித்தான். பிளான்காரர் அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

"அத்தான், டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்லை. கல்லு மாதிரி இருக்கு. ஆனா நீங்க பாதியில பிடுங்கினதால உள்ளே இருந்ததெல்லாம் போச்சு."

"கோளாறு இல்லையா? அப்ப அந்தச் சத்தம்? உங்க அக்கா சொல்லலையா?"

"சத்தம் கேக்குதுன்னு நீங்க சொன்னதா அக்கா சொன்னா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவும் அவர் கண்ணில் பட்டது.

"சரி, கவலைப்படாதீங்க அத்தான். பிரதி பத்திரமா இருக்கு. என் லேப்டாப்பிலேயே திறந்திடலாம். பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"நீ வெளியே போ."

"அக்கா?"

"அவளும்தான்."

"உங்களோட இத்தனை காலம் குடும்பம் நடத்தியும் எனக்கு இந்த மரியாதைதானா?" என்றபடி மனைவி எழுந்தாள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முணுமுணுத்து அடித்தார். தவறு என்றது. மறுபடியும் அடித்தார். பதற்றத்தில் நடுவில் ஒரு வரி நழுவிப் போனது. பாட்டு என்பது அப்படித்தான், யோசித்தால் வராது, பாடினால் வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கவே பாடினார். வரி தானாக வந்தது. விரல்கள் அதன் பின்னால் ஓடின.

பிரதி திறந்தது. வகுப்பறைகள், மாடிப்படிகள், நகர்த்தி நகர்த்தி வைத்த அத்தனை சன்னல்களும் அப்படியே இருந்தன. கண் கலங்கிவிட்டது அவருக்கு. பாட்டை நிறுத்தத் தோன்றவில்லை. இன்னும் உரக்க, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டக்! டக்! டக்!

அவர் உறைந்துபோனார். பழைய டிஸ்க் தரையில், எந்த ஒயரும் இல்லாமல் கிடந்தது. அப்படியானால் புது டிஸ்க்!

"இதுக்கும் தொத்திக்கிச்சு!" என்று அலறி, கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ள அதைச் சட்டென்று எடுத்துக் காதருகே கொண்டுபோனார். லேப்டாப்போடு பிணைத்திருந்த குட்டை ஒயர் வெடுக்கென்று இழுத்தது. டிஸ்க் கைநழுவி, மேசை விளிம்பில் பட்டு, தரையில் விழுந்தது.

தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லித் தட்டி, மச்சான் உள்ளே வந்தான். கீழே கிடந்ததை எடுத்து மாட்டினான். காதை வைத்துக் கேட்டான்.

"இப்ப கேக்குது அத்தான்" என்றான். "நிஜமாவே டக் டக்குங்குது."

பள்ளிக்கூடத்தை வேறொருவர் வரைந்தார். அங்கே எல்லா வகுப்பிலும் மதிய வெயில் குழந்தைகளின் கண்ணில் அடிக்கிறது. பழைய டிஸ்க்கை மச்சான் தன் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டான். இன்றுவரை முனகலின்றி ஓடுகிறது. புது டிஸ்க்கை மனைவி தன் அலமாரியில் வைத்திருக்கிறாள், கணவர் அவளை ஏதாவது சந்தேகப்பட்டால் எடுத்து மேசைமேல் வைப்பதற்காக. பிளான்காரர் கார் ஷெட்டுகளுக்கே திரும்பினார். இப்போது பென்சிலால் காகிதத்தில்தான் வரைகிறார். பாடுவதில்லை.

ஒரு நாள் வாசற்பூட்டை அவர் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். விரல்களில் கட்டு இல்லை. வீக்கமும் வடிந்திருந்தது.

"நேர்ல சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, பகல்ல நீங்க பாட ஆரம்பிச்சாலே நம்ம நடுச்சுவரைத் தட்டித் தட்டி என் விரலே வீங்கிப்போச்சு, கடைசியில காது குடுத்து நிறுத்திட்டீங்க, ரொம்ப நன்றி சார்."