குழாய்க்கு மேலே ஒரு கூடு

பாசமும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

நீயும் மகளும் பச்சைக் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கை வர மறுக்கிறது.

வசந்தம் வந்துவிட்டது, பூவைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இரு என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாய். பூக்களைக் குறை சொல்ல மாட்டேன், வேலி முழுக்க இலை தெரியாமல் ரோஜா. ஆனால் தோட்டக் குழாய்க்கு நேர் மேலே, மரக்கிளையில், ஓர் இரட்டைவால் குருவி கூடு கட்டியிருக்கிறது. அதற்குக் குருவி என்று பெயர் வைத்தவன் அதனிடம் கொத்து வாங்காதவனாக இருக்க வேண்டும். குழாயைத் திருகக் குனிந்தால் உச்சந்தலையில் ஒன்று, நிமிர்ந்தால் காதில் ஒன்று. வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனேன். வழி தெரியாமல் வேலியில் விழுந்து, முள்ளெல்லாம் எனக்கு, பூவெல்லாம் தரைக்கு. அன்றிலிருந்து அடுப்படி ஜன்னல் வழியாகச் சொம்பால் தண்ணீர் வீசுகிறேன். பாதி செடிக்கு, மீதி தெருவில் போகிறவர்களுக்கு.

அப்படி நனைந்தவர்தான் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார். சண்டைக்கு வந்தவர் என் கதையைக் கேட்டு மனமிரங்கி, "பயந்தவனத்தான் சார் அது கொத்தும், நெஞ்ச நிமித்தி நடக்கணும், பாருங்க" என்று தானே நடந்து காட்டினார். அவர் தலையில் இருந்தது சொந்த முடியில்லை என்பது எனக்கும் குருவிக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது. அந்தப் பொய்முடி இப்போது ரோஜாச் செடியில் தொங்குகிறது. எடுக்க இருவருக்குமே தைரியமில்லை. தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற மனுஷன் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குக் குருவியே தேவலை.

கடைசியில் அவரே மரம் வெட்டுகிறவரைப் பேசி முடித்துவிட்டார். நாளைக் காலை கிளை இறங்கிவிடும். நானும் தலையாட்டிட்டேன் அக்கா, வேற என்ன பண்றது, சாப்பாடு இறங்கல, இலை அசைஞ்சாலே கட்டிலுக்கடியில போயிடறேன். உன் மரம், அதனால் சொல்லிவிட்டேன். கோபப்படாமல் உடனே புறப்பட்டு வந்து உன் தோட்டத்தை நீயே காப்பாற்றிக்கொள்.

மாமாவுக்கு என் வணக்கம், குழந்தைக்கு ஒரு முத்தம்.

உயிர் இருக்கும்வரை
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் ஒன்று. மரம் வெட்டுகிறவர் வந்தார். ஏணியைச் சாய்த்ததும் கிளை ஆடியது. கூட்டிலிருந்து மூன்று வாய்கள் ஒன்றாகத் திறந்தன, உள்ளே ஒரே சிவப்பு. நான் எப்போது ஏணிக்குக் குறுக்கே போய் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. "வேணாம்ப்பா, போயிடு" என்றேன். அதற்கும் அந்தத் தாய் என்னைத்தான் கொத்தியது. குஞ்சுகள் பறக்கும்வரை நீ வராதே, அக்கா. நானாவது பழகிய முகம். உன்னை அது என்ன செய்யுமோ என்று பயமாக இருக்கிறது.