கோலசிலாங்கூர் சொந்தக்காரர்

மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து ரவாங் வரை, எண்பதுகளில் செத்துப்போன தமிழர்கள் அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு சொந்தக்காரர் இருந்தார். சந்தேகம் இருந்தால் எங்கள் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். எந்தத் தோட்டத்துச் சாவுப் படமாக இருந்தாலும், பாடையின் முன்பக்கம் அதே மீசை நிற்கும்.

அவர் எங்கள் வட்டார நிருபர். நான் கோலாலம்பூர் அலுவலகத்தில் செய்திப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் அவரைச் சொந்தக்காரர் என்றுதான் சொல்வோம். அவருக்கு நல்ல பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

"படம் எடுக்கச் சொன்னா படத்துல போய் நிக்கிறீங்களே, ஏன்யா?" என்று ஒருமுறை தொலைபேசியில் கத்தினேன்.

"தூக்க ஆள் பத்தலண்ணே."

"அப்ப படத்த எடுத்தது யாரு?"

"செத்தவரோட மச்சான். பாவம், அழுதுகிட்டே எடுத்தாரு. அதான் கொஞ்சம் ஆடிப்போச்சு."

ஆற்றோரக் கம்பத்துக் கிராமத்தில் வெள்ளம் வந்தபோது அவருடைய செய்தி மூன்று நாள் கழித்து வந்தது. எத்தனை வீடு மூழ்கியது என்று கேட்டேன். எண்ணவில்லை, அலமாரி தூக்கிக்கொண்டிருந்தேன் என்றார். எத்தனை அலமாரி என்று கேட்டேன். பதினொன்று என்று உடனே பதில் வந்தது.

அவர் எழுதி அனுப்புவதில் எல்லாம் இருக்கும், செய்தி மட்டும் இருக்காது. லோரி மோதி ஒரு மாடு செத்தால், மாட்டின் பெயர் இருக்கும், அது யார் கையால் காட்டினால் தண்ணீர் குடிக்கும் என்பது இருக்கும். லோரியின் எண் இருக்காது. நான் சிவப்புப் பேனாவால் மாட்டை வெட்டிவிட்டு, லோரியைத் தேடி இன்னொரு முறை தொலைபேசியில் கத்துவேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வசந்தி என்ற பெண் காணாமல் போனாள். ரவாங்கில் தொழிற்சாலை வேலை. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. யாரோடோ போய்விட்டாள் என்று தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. அப்பா அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். எனக்கு முதல் பக்கச் செய்தி கிடைத்துவிட்டது. 'மண்டோர் மகள் ஓட்டம்' என்று தலைப்பையும் எழுதிவைத்துவிட்டேன். சொந்தக்காரரை நம்பினால் வீட்டுக் கோழியின் பெயர்தான் வரும் என்று நானே காரை எடுத்துக்கொண்டு, வழிகாட்ட அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

மண்டோர் வாசலிலேயே எங்களை நிறுத்தினார். "எனக்கு மகளே கெடையாதுன்னு போட்டுக்குங்க. செத்துட்டான்னு போடுங்க." அவ்வளவுதான் பேசினார். நான் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். இந்தத் தொழிலில் பத்து நிமிடத்தில் இப்படி ஒரு வாக்கியம் கிடைப்பது லேசில்லை.

"கெளம்பலாம்யா," என்றேன்.

சொந்தக்காரர் நோட்டையே எடுக்கவில்லை. பின்பக்கம் கோழிக்கூட்டின் கதவு தொங்குவதைப் பார்த்துவிட்டார். "நீங்க காருல இருங்கண்ணே. கம்பி கட்டிட்டு வந்துர்றேன்லா."

அந்தக் கம்பியைக் கட்ட மூன்று மணி நேரம் ஆனது. காரில் தூங்கினேன், விழித்தேன், அவரைத் திட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே ஓடிப் போய்ப் பார்த்தால், இருவரும் கூரைக்குக் கீழே ஒட்டி நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மண்டோர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட கொண்டுபோனாளான்னு தெரியலையே," என்றார்.

உள்ளே அவர் மனைவி அழும் சத்தம் கேட்டது. சொந்தக்காரர் அப்போதுதான் நோட்டை எடுத்தார்.

திரும்பும் வழியில் எங்களுக்குள் சண்டை. "செத்துட்டான்னு சொன்னதும் அவருதானேய்யா? பொய்யா எழுதப்போறேன்?"

"பொய்யில்லண்ணே. ஆனா நாளைக்கு அந்தப் புள்ள எங்கயாச்சும் கடையில ஒக்காந்து நம்ம பேப்பரப் பிரிக்கும். எதப் பாத்தா வீட்டுக்கு வரும்?"

"குடை எல்லாம் ஒரு செய்தியா?"

"இல்லதான்," என்றார். அதற்குமேல் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

அன்று மாலை பக்கத்தை அச்சுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். அந்த மனிதர் மழையைப் பார்த்த பார்வை கண்ணை விட்டுப் போகவே இல்லை. இத்தனை வருடம் இப்படி எத்தனை பேரை வாசலோடு விட்டுவிட்டு வந்திருப்பேன் என்று நினைத்ததும் வெட்கமாகிவிட்டது. தலைப்பைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். ஆறாம் பக்கத்தில் நான்கே வரி போட்டேன்: வசந்தி திங்கட்கிழமை முதல் வீடு திரும்பவில்லை. பெற்றோர் காத்திருக்கிறார்கள். மழை நாளாக இருக்கிறதே, மகள் குடை கொண்டுபோனாளா என்று அப்பா கவலைப்படுகிறார்.

வானிலை அறிக்கையை ஏன் ஆறாம் பக்கத்துக்கு மாற்றினாய் என்று மறுநாள் ஆசிரியர் கேட்டார். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தோட்டத்து அலுவலகத்திலிருந்து தொலைபேசி. "அண்ணே, புள்ள வந்துருச்சு."

நான் பேனாவை எடுத்தேன். "எங்க போயிருந்துச்சாம்? யாரோட?"

"கேக்கலண்ணே."

"நிருபரு நீங்க! கேக்காம என்ன பண்ணுறீங்க?"

"சோத்துல ஒக்காந்துருக்குண்ணே. அவங்கப்பா பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருக்காரு. இப்பப் போய் என்னத்தக் கேக்குறது?"

கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். "என்ன சோறு?" என்று கேட்டுவிட்டேன்.

"ரசமும் நெத்திலி சம்பலும். ரெண்டாவது தடவ போட்டுக்கிருச்சுண்ணே!" என்றார், தன் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல.

அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அச்சுக்கு அனுப்பவில்லை. இப்படி ஓர் ஆள் எனக்கு நிருபராக வாய்த்திருக்கிறாரே என்று, வேலையெல்லாம் கிடக்க, அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.