எங்கள் நெல் மலையான வரலாறு

எங்கள் வட்டாரத்தில் மலை கிடையாது. இதை ஒரு குறையாக நாங்கள் யாரும் இதுவரை மனு எழுதிக் கொடுத்ததில்லை. உத்திரமேரூரைச் சுற்றி ஏரி உண்டு, ஏரி நிரம்பினால் நெல் உண்டு, நெல் விளைந்தால் கொள்முதல் நிலையத்தின் வாசலில் காத்திருப்பு உண்டு. ஏறுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. இந்தப் பற்றாக்குறையை மேலிடம்தான் கண்டுபிடித்தது.

என் அப்பா பச்சமுத்து சொர்ணவாரிப் பருவ நெல்லை அறுத்து, நிலையத்தின் களத்தில் குவித்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. டோக்கன் வரவில்லை. வானம் தினமும் மதியத்துக்கு மேல் கறுத்து, யோசித்து, கலைந்துபோனது. ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள். குவியலின் மேல் ஒரே ஒரு தார்ப்பாய். எங்கள் குடும்பத்தின் அடுத்த ஆறு மாதம் அதன் அடியில் கிடந்தது.

நான் பொது நிர்வாகத்தில் முதுகலை படிக்கிறேன். பேச்சுப்போட்டிக் கோப்பைகளை வைக்க இடமில்லாமல் ஒன்றில் அம்மா புளி போட்டு வைத்திருக்கிறாள். ஆகவே நியாயம் கேட்க நானே புறப்பட்டேன்.

“நைனா, நீ வாயே தொறக்காத. நான் பேசிக்கிறேன்.”

“அதாம்மா பயமா கீது” என்றார் அப்பா.

நிலையம் பூட்டியிருந்தது. பூட்டின் மேல் ஓர் அறிவிப்பு: ‘சிகரம் தொடும் பணியாளர்’ என்னும் மூன்று நாள் சிறப்புப் பயிற்சி நடைபெறுவதால் கொள்முதல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. பயிற்சியின் நோக்கம், கொள்முதலை விரைவுபடுத்துதல்.

பட்டியல் எழுத்தர் சுகுமார் பட்டப்பகலில் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு களத்தில் நின்றிருந்தார். சுற்றறிக்கையை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். மலையேறுபவரின் மனநிலையை ஒவ்வொரு பணியாளரும் பெறவேண்டும். மலை இல்லாத வட்டாரங்களில் ‘உள்ளூரில் கிடைக்கக்கூடிய உயரமான பொருளொன்றை மலையாகப் பாவித்துக்கொள்ளலாம்.’ களத்தில் உயரமான பொருள் எங்கள் குவியல்தான். வாழ்த்துகள் என்று கையையும் நீட்டினார்.

“எங்க நெல்ல எப்ப சார் எடுப்பீங்க?”

“நெல்லா இருந்தா எடுத்துரலாம்மா. நேத்துலேர்ந்து ரெக்கார்டுல அது மலை. மலைய எப்படிமா கொள்முதல் பண்றது?”

வாதத்தில் ஓட்டை இல்லை. அதுதான் என்னை எரிச்சல்படுத்தியது.

பயிற்சியாளர் மோகன்குமார் சென்னையிலிருந்து வந்திருந்தார். பனிக்கான காலணி, வியர்வைக்கான துண்டு. தொழிலிலும் வாழ்விலும் ஆளுக்கொரு எவரெஸ்ட் உண்டு என்று களத்தில் கூடியிருந்த பணியாளர்களுக்குச் சொல்லி, அவரவர் எவரெஸ்ட்டை அவரவர் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மூட்டை தூக்கும் பொன்னன் எழுந்தார்.

“எனக்கு லாரிதான் சார். நாப்பது கிலோ மூட்டைய தூக்கிக்கினு பலகை மேல ஏறுவேன். ஒரு நாளிக்கி நூறு தபா.”

“அது ஏற்றம் இல்லை நண்பரே, வேலை. இலக்கோடு ஏறினால்தான் சிகரம்.”

“இலக்கு கீது சார். லோடு ரொம்பணும்.”

பயிற்சியாளர் கனிவோடு சிரித்து, தம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் பொறுப்பைப் பொன்னனுக்கு அளித்தார்.

அடுத்து நான். என் எவரெஸ்ட் டோக்கன் என்றேன். உச்சியில் முதலில் கொடி நடுபவருக்கு முதல் டோக்கன் என்று சுகுமார் அங்கேயே அறிவித்தார். நெல்லுக்கும் கொடிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. ‘மலையேற்றம் கற்பிக்கும் வெற்றிப் பாடங்கள்’ என்று எங்கள் கல்லூரியில் போன மாதம் நடந்த கருத்தரங்கில் நான் மூன்றாம் பரிசு. முதல் பரிசு கிடைக்காத ஆத்திரம் உள்ளே இருந்தது.

“அடிவார முகாம் இல்லாமல் எந்த முறைப்படி ஏறச் சொல்கிறீர்கள்?” என்றேன்.

கூட்டம் நிமிர்ந்தது. அரை மணி நேரம் வாதிட்டேன். குடத்தில் ஓலை போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த ஊர்ப்பக்கம் முறைகேட்டை அனுமதிக்கமாட்டோம் என்று முடித்தபோது சுகுமார்கூடக் கைதட்டினார். பயிற்சியாளர் தோல்வியை ஒப்புக்கொண்டார். முகாமுக்குக் கூடாரம் வேண்டும். களத்தில் கூடாரத்துக்கு ஆகக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது.

“தார்ப்பாய வுட்ருமா. வானத்த பாரு” என்றார் அப்பா.

“வாதத்துல ஜெயிச்சிட்டுப் பின்வாங்கக் கூடாது நைனா.”

கயிற்றை நானே அவிழ்த்தேன்.

நெல்லில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓரடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்கும், முழங்கால் வரை புதையும். சுகுமார் பாதியில் உட்கார்ந்துவிட்டார். நான் நாலு காலில் போய்க் கொடியை நட்டேன். படம் எடுத்தார்கள். இரண்டாவது படத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது.

எல்லோரும் முகாமுக்கு ஓடினோம். இருபத்து மூன்று பேர் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தேன். இயற்கை நம்மைச் சோதிக்கிறது என்றார் பயிற்சியாளர். வெளியே அப்பாவும் பொன்னனும் பயிற்சியின் பேனரைப் பிடுங்கிக் குவியலை மூடிக்கொண்டிருந்தார்கள். அது சிகரத்தை மூடத்தான் போதுமானதாக இருந்தது.

மழை விட்டதும் ஈரம் பார்த்தார்கள். இருபத்து நாலு. சொன்ன சொல் தவறாமல் சுகுமார் முதல் டோக்கனை என் கையில் கொடுத்தார்.

“டோக்கன் ரெடிம்மா. மலைதான் கொஞ்சம் நனஞ்சி கீது.”

‘பாதகமான வானிலையிலும் நூறு சதவீத இலக்கு எய்தப்பட்டது’ என்று அறிக்கை போனது. அதைப் பார்த்து மேலிடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, ‘உச்சியில் நான் கற்றவை.’ மேடையேறி எல்லாவற்றையும் தோலுரிப்பது என்றுதான் போனேன். முதல் நிமிடத்திலேயே கைதட்டல் வந்துவிட்டது. அதற்கப்புறம் தோலுரிக்க நேரம் போதவில்லை. பிறகு வரிசையாக அழைப்புகள்.

அப்பா நெல்லைத் தார் ரோட்டில் பரப்பி, காலால் துழாவித் துழாவி ஒன்பது நாள் காய வைத்தார். பதினாறுக்கு வந்தது. பத்தாம் நாள் டிராக்டரில் ஏற்றி, முதல் டோக்கனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார்.

அன்று நான் உத்திரமேரூரில் ஒரு திருமண மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தேன். வட்டாரப் பணியாளர்கள் அனைவரும் கலந்துகொள்ளவேண்டும் என்று உத்தரவு. முன்வரிசையில் சுகுமார், மடியில் நோட்டுப் புத்தகம். போன் வந்தது. மன்னிப்புக் கேட்டு எடுத்தேன்.

“பூட்டி கீதும்மா” என்றார் அப்பா. “பூட்டு மேல உம் போட்டோ ஒட்டிகீறாங்க.”

வானம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“யோசிச்சிக்கினு கீது.”

“தார்ப்பாயப் போட்டு மூடு நைனா, ஒடனே.”

“அத நீதான காலைல எத்துக்கினு போன?”

திரும்பிப் பார்த்தேன். மேடையின் பின்னால் அடிவார முகாம் நின்றுகொண்டிருந்தது. நானே கட்டியது. இந்தத் தடவையும் நன்றாகவே கட்டியிருந்தேன்.