அம்மா பீரோவும் 4எச் பென்சிலும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பு சௌக்கியம், சாப்பாடு நேரத்துக்கு ஆகிறது, மாத்திரையும் போடுகிறேன். நீ லீவு போட்டு ஓடிவர வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. இது முழுக்க முழுக்க நீ அனுப்பிவைத்த பெயிண்டரைப் பற்றிய புகார். போனில் சொன்னால் நடுவில் பேசிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா போனதிலிருந்து நான் பீரோ முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரோ உன்னிடம் வத்திவைத்திருக்கிறார்கள். நீயும் அதைப் புதுசாக்கினால் அப்பா மனசு மாறும் என்று ஆளை அனுப்பிவிட்டாய். சாவித்துளைக்குக் கீழே பிறை மாதிரி ஒரு கீறல் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா எதையும் நிதானமாகத் திறந்தவள் இல்லை. சாவியைச் சொருகி வெடுக்கென்று திருப்புவாள், கொத்தில் இருக்கும் மற்ற சாவியெல்லாம் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். அப்படி ஆடி ஆடி விழுந்த கோடு. "பெயிண்ட் கம்பெனில கீறல் டெஸ்ட் பண்றவர் வீட்டு பீரோவைப் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் என் மானத்தை வாங்குவாள். அவளுடையது என்று தினமும் தொட்டுப் பார்க்க எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அதை அழிக்க விடுவேனா? ஆனால் முன்பின் தெரியாதவனிடம் அழுது காட்டவா முடியும்? "முதல்ல ஒரு தகரத்துல அடிச்சுக் காட்டுப்பா, என் டெஸ்ட்ல தேறினாத்தான் பீரோவைத் தொடலாம்" என்றேன். எப்படியும் தேறாது, ஆள் ஓடிவிடுவான் என்பது என் கணக்கு. பழைய பென்சில் டப்பாவை எடுத்து, சீவி, முனையை உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து, சாய்த்துப் பிடித்துத் தகரத்தின் மேல் தள்ளினேன். எச் எண் ஏற ஏறப் பென்சில் கடினம் என்று உனக்கு ஹோம்வொர்க் சொல்லித் தராமல் அதைத்தானே சொல்லித் தந்தேன்! பள்ளிக்கூடத்து எச்பி பென்சிலுக்கே இவன் பெயிண்ட் பல்லை இளித்துவிட்டது. "பீரோவுல யாரு சார் பென்சிலால எழுதப்போறாங்க?" என்றான். போய்விட்டு வா என்று அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

ஆனால் அவன் ரோஷக்காரன். வேறு டப்பாவோடு வந்தான், 2எச் பென்சிலிடம் தோற்றான். மறுபடியும் என்னத்தையோ கலந்து, அடித்து, பதமாகக் காயவைத்து எடுத்து வந்தான். 4எச் பென்சிலை அழுத்தித் தள்ளினேன். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, மகளே! கம்பெனியிலேயே இப்படி ஒரு பெயிண்ட் அபூர்வம். தொழில் புத்தி, என்ன பண்ணச் சொல்ற, சந்தோஷத்துல என்னையே மறந்து "பாஸ்!"னு கத்திட்டேன். கத்தின கையோட அவனுக்கு டீ போட உள்ள போயிட்டேன். டீயோட வர்றேன், படுபாவி, உப்புத்தாளை வச்சு பீரோவுல அம்மாவோட அந்தக் கோட்டைத்தான் முதல்ல தேய்ச்சு முடிச்சிருக்கான். "எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு பாருங்க சார், இப்ப வழவழன்னு ஆயிடுச்சு"ன்னு சிரிக்கிறான். டம்ளரை அவன் கையில கொடுத்துட்டு வாசல்ல போய் உட்கார்ந்துட்டேன்.

ஆகையால் நீ அவனைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும். டெஸ்ட்டில் தேறிவிட்டால், கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவர் பீரோவில் கை வைத்துவிடுவதா?

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், அது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: அவனை ஒன்றும் கேட்காதே. பெயிண்டைக் குறை சொல்ல வழியே இல்லை. காயாத பெயிண்டில் டெஸ்ட் செய்து பழக்கமில்லாததால், அவன் பீரோவுக்கு அடித்துவிட்டுப் போனதை நன்றாகக் காயவிட்டு, இன்று காலையிலிருந்து அம்மாவின் சாவிக்கொத்தைச் சொருகி, அவளை மாதிரியே வெடுக்கு வெடுக்கென்று திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். ஒரு கோடுகூட விழவில்லை. எனக்குக் கை ஓய்ந்துபோச்சும்மா. உனக்கும் அவளோட அவசரம்தான். லீவு போட்டு வா, கொஞ்ச நாள் நீ திற.