கிளினிக் பற்றி நான் சொன்ன விளக்கம்

தோட்டவெளி,
2011 ஆடி.

அன்புள்ள அருள்நாயகிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீரும் மகள் டினோஜா வீட்டில் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். வீட்டுக்குக் கூரைத்தகரம் போட்டாயிற்று. ஆனால் ஊருக்கு மாதக் கிளினிக் வந்தால்தான் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் உம்மை இங்கே அனுப்புவேன் என்று மகள் நிபந்தனை வைத்தாள் அல்லவா? அந்தக் கிளினிக்கை நானே கலைத்துவிடப் பார்த்தேன். முறையாக எழுதுகிறேன், முறை தவறினால் பொறுத்துக்கொள்ளும்.

கிளினிக்கின் முதல் நாள், கோயில் கொட்டிலில் நடந்தது. ஆட்கள் போதாவிட்டால் டாக்டரின் வண்டி இனி வராது என்று தாதி சொல்லிவிட்டார். டாக்டர் வரச் சுணங்கியதால், மீள்குடியேற்றச் சங்கத் தலைவர் கொலின்ஸ், "மாஸ்டர், சனம் எழும்பிப் போகப்போகுது, ஏதாவது கதையுங்கோ" என்றார். நான் சபையில் பேசக் கூச்சப்படுகிறவன் என்பது உமக்குத் தெரியும். இருந்தும், "எனக்கு நாளைக்குக் கிளினிக்" என்று ஏதோ திருநாள் மாதிரிச் சொல்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தொடங்கினேன். கிரேக்கத்தில் கட்டிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது, படுக்கையருகே போய் வைத்தியம் பார்ப்பது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆதித் திருச்சபையில் சாகக்கிடந்து ஞானஸ்நானம் பெற்றவர்களையும் அதே சொல்லால் அழைத்தார்கள் என்று சேர்த்துவிட்டேன்.

"அப்ப இதுக்கு வாறது சாகிற ஆக்களே?" என்று கிறகரி எழும்பினார். "சாக முன்னம் பூசுற எண்ணெய், அந்த அவஸ்தைப்பூசுதலைச் சுவாமியிட்ட வாங்கிப்போட்டு வாறன்." அவர் பின்னாலே வரிசை முழுவதும் சுவாமியின் அறைவீட்டுக்குப் போய்விட்டது. டாக்டர் வந்து இறங்கியபோது வெறும் கதிரைகளும் நானும்தான்.

உம்முடைய வருகை கைநழுவியதென்று நான் வியர்த்துக்கொண்டிருக்க, புத்தளத்தால் திரும்பி வந்த நூர்ஜஹான் அயல்பெண்களோடு நுழைந்தார்.

"என்ன மாஸ்டர், உங்கட ஆக்கள் எங்க?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. "எங்களுக்கு அந்த எண்ணெயும் இல்ல, பயமும் இல்ல. டாக்டர், எழுதுங்கோ கிளினிக் கொப்பியை!"

கதிரைகள் நிறைந்தன. அதற்குள் பங்குச்சுவாமியும், "எண்ணெய் நாளைக்கும் பூசலாம், டாக்டர் மாதத்துக்கு ஒருக்கால்தான்" என்று நம் சனத்தை ஏசிக் கூட்டிவந்தார். வண்டி இனி மாதாமாதம் வரும். ஆகவே நீர் சுணங்காமல் வாரும். மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்.

உமது,
யாகப்பர்.

பி.கு.: ஒரு சொல்லின் பிறப்புக்குப் போய்ப் படித்தவன் பயப்படுவானா என்று நினைப்பீர். சுவாமி திரும்பிப் போகும்போது, ஒருவரும் காணாமல் பின்னாலே போய் நானும் எண்ணெய் பூசிக்கொண்டேன். பிறகுதான் டாக்டரிடம் கையை நீட்டினேன். பிரஷர் சரியாக இருக்கிறதாம். எதனால் என்று மட்டும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.