போற வழிதானே

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. எங்கேயாவது கிளம்பினால்தான் தெரியும்.

ஓர் இடத்துக்கென்று புறப்பட்டு, அந்த ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களுக்கும் போய்விட்டு வரும் திறமை இவர்களுக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களையும் என்னையும் விடச் சுறுசுறுப்பானவர்கள். கெட்ட எண்ணமும் துளிகூடக் கிடையாது. பால் வாங்கப் போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து, துணி உலர்த்தும் கிளிப் இரண்டு டஜன், ஒரு மேசை விளக்கு, பழைய சகாவின் மாமனாருக்கு உடம்பு தேவலையாகிவிட்டது என்ற செய்தி ஆகியவற்றோடு திரும்பி வருவார். பால்? அதற்குத்தான் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்போதும் ஒன்றுதான்: "போற வழிதானே!"

உலகமெங்கும் வாழும் இந்த இனம் சிங்கப்பூரில் செழிப்பது போல் வேறெங்கும் செழிப்பதில்லை. நிலப்பரப்பு அப்படி. பெரிய தேசத்தில், மதுரைக்குப் போகிற வழியில்தான் காசி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நாலு பேர் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். இங்கே வரைபடத்தின்மேல் கட்டைவிரலை வைத்தால் பாதித் தீவு மறைந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் எதுதான் எதற்குப் போகிற வழி இல்லை?

சுந்தரத்தையே எடுத்துக்கொள்வோம். பொங்கோலில் பதினோராம் மாடியில் மனைவி லீலாவுடன் வசிப்பவர். ஒரு சரக்கு நிறுவனத்தில் லாரிகளுக்கு வழித்தடம் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு லாரி ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் போய்விட்டுத் திரும்புவது அவரைப் பொறுத்தவரை பாவம். நிறுவனத்தில் அவருக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு லாரி அவர்தான். பல சமயம் லீலாவும்.

லீலாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. வயதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். லீலா மறுக்கவில்லை. கூடவே இன்னொரு காரணமும் உண்டு என்று சொல்லவும் இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை, முதலில் வலது முட்டி. அதற்கு முன் லீலாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. டேங்க் ரோடு முருகன் கோயிலில்தான் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. உலோக முட்டி வருவதற்குள், அன்றைக்கு வலம் வந்த அதே முட்டியோடு, புருஷனும் பெண்டாட்டியுமாக மூன்று சுற்று சுற்றி, உச்சிகால பூஜையைக் கண்குளிரப் பார்த்துவிட வேண்டும். நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. பொங்கோலிலிருந்து ஒரு ரயில் பிடித்தால் முடிகிற காரியம்.

ஒரு மாதமாக முடியவில்லை. முதல் வாரம் கோயிலுக்குக் கிளம்பியவர்கள் தெம்பனிசில் ஒரு பழைய சூப்பர்வைசர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் தேக்கா சந்தையோடு சரி. மீன் வாங்கிய பையோடு கோயிலுக்கு எப்படிப் போவது? அதற்கடுத்த வாரம் பேருந்தின் ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரியத்தான் தெரிந்தது. லீலா கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். "உட்காரு, உட்காரு. ரெண்டு ஸ்டாப் தள்ளி ஒரு வேலை இருக்கு. திரும்பி வர்ற வழியில இறங்கிக்கலாம்" என்றார் சுந்தரம். திரும்பி வருவதற்குள் பன்னிரண்டு மணி அடித்து நடை சாத்திவிட்டார்கள். இனிமேல் சாயங்காலம்தான் திறப்பார்கள்.

ஆகவேதான், சமூக மன்றத்தில் 'நம் தீவின் கோயில்களும் பாரம்பரியமும்: பேருந்து உலா' என்று ஓர் அறிவிப்பைப் பார்த்ததும் லீலா தானே போய் இரண்டு பெயர் கொடுத்தார். பக்தியால் அல்ல. தந்திரத்தால். பேருந்துக்கு ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு, அச்சடித்த நேரம் வேறு. கடைசி நிறுத்தம் டேங்க் ரோடு, அதுவும் உச்சிகால பூஜைக்கு. வண்டியை இவர் எந்தப் பக்கமும் திருப்ப முடியாது. அந்த அம்மாள் அப்படித்தான் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கிளம்பியது. வழிகாட்டியாக வர்ஷா என்ற பெண், ஓட்டுநர் முபாரக். வர்ஷா ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"குட் மார்னிங் அங்கிள், ஆண்ட்டி எல்லாருக்கும்! நம்ம ரூட் சிம்பிள்தான். ஈசூன், சிராங்கூன் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு, லாஸ்ட்டா டேங்க் ரோடு. பன்னெண்டு மணிக்கு நடை சாத்திருவாங்க, ஸோ எல்லாரும் ஆன் டைம் இருக்கணும்லா."

கடைசி வரிசையில் லீலா நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டார்.

ஈசூன் கோயில் ஒழுங்காக முடிந்தது. முடிந்ததும் சுந்தரம் இருக்கையை விட்டு எழுந்து முன்னால் போய் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். இந்த இனம் பேருந்தில் உட்காராது. சாலையைப் பிரியமாகப் பார்க்கும். பிறகு, தொலைந்துபோன தம்பியைக் கண்டது போல "அட!" என்னும்.

"அட! முபாரக் தம்பி, அந்த சிக்னல் தாண்டி லெஃப்ட்ல ஒரு பரோட்டா கடை இருக்கு. பத்து நிமிஷம். போற வழிதானே!"

இவர்கள் கணக்கில் எல்லாமே பத்து நிமிடம்தான். பல் பிடுங்கினாலும் பத்து நிமிடம், வீடு மாற்றினாலும் பத்து நிமிடம். வண்டியில் அத்தனை பேர் இருந்தார்களே, ஒருவராவது வேண்டாம் என்றிருக்க மாட்டாரா என்று கேட்கிறீர்கள். மொறுமொறு பரோட்டா என்று காதில் விழுந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அதையேதான் அவர்களும் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சுந்தரம் எல்லோருக்கும் தன் கையால் டீ எடுத்துக் கொடுத்தார். அவரைப் போல நல்ல மனிதர் உண்டா என்று வண்டியே பேசிக்கொண்டது.

சிராங்கூன் ரோட்டில் கோயிலை விட்டு வெளியே வந்ததும் இன்னொரு "அட!" வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடை, ஒரே ஒரு வாஷர். வண்டி விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு ஓரமாக நின்றது. சுந்தரம் இறங்கினார். அவர் பின்னால் மூன்று பேர் இறங்கினார்கள், ஏனென்றால் இது தொற்றும். ஒருவர் தரை துடைக்கும் கட்டையோடு ஏறினார், ஒருவர் பூட்டோடு. சுந்தரம் வாஷர் பொட்டலத்தை லீலாவின் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சிக்க" என்றார்.

"என்னங்க, கோயில் சாத்திருவாங்க."

"எது, டேங்க் ரோடா? அது போற வழிதானே லீலா!"

கவனித்தீர்களா? போய்ச் சேர வேண்டிய இடமே இப்போது போகிற வழியில் உள்ள ஒரு கடை மாதிரி ஆகிவிட்டது. நோய் முற்றிய நிலை இது. இதற்குமேல் மருந்தில்லை.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அங்கிருந்து டேங்க் ரோடு கூப்பிடு தூரம். இனி யார் நினைத்தாலும் கெடுக்க முடியாது என்று நீங்கள் நினைப்பீர்கள். லீலாவும் நினைத்தார். அப்போது, பாரம்பரியம் என்ற சொல்லைப் பார்த்து உலாவில் சேர்ந்திருந்த பரீதா டீச்சர், சும்மா பேச்சுவாக்கில், தான் பிறந்த அடுக்குமாடி புளோக் குவீன்ஸ்டவுனில் இருந்தது என்றும், பார்த்து எத்தனையோ வருடமாயிற்று என்றும் சொன்னார். அவர் கேட்கவில்லை. சொன்னார், அவ்வளவுதான். சுந்தரத்துக்கு அது போதாதா?

"டீச்சர், அதுவும் ஹெரிடேஜ்தானே!"

"அங்கிள், டேங்க் ரோடு இந்தப் பக்கம். குவீன்ஸ்டவுன் அந்தப் பக்கம்" என்றாள் வர்ஷா.

"தெரியும்மா. அந்தப் பக்கம் போயிட்டு இந்தப் பக்கமா வந்தா, போற வழிதானே!"

லீலா அப்போதுதான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வண்டியின் முதல் படியில் கால் வைத்திருந்தார். வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வர்ஷாவைத் தனியாக அழைத்தார்.

"வர்ஷா, நான் டாக்சியில முன்னாடி போறேன்மா. இந்தப் பொட்டலத்தை என் சீட்ல வச்சிரு. அவர் கேட்டா சொல்லு."

"கேக்கலைன்னா ஆண்ட்டி?"

"கேக்கலைன்னா விடு."

வண்டி குவீன்ஸ்டவுனுக்குப் போயிற்று. டீச்சரின் புளோக்கை எப்போதோ இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் நல்ல பச்சைப் புல் இருந்தது. அத்தனை பேரும் இறங்கிப் புல்லைப் பார்த்தார்கள். டீச்சர் முதலில் ஒரு மூலையைக் காட்டி இங்கேதான் என்றார், பிறகு வேறொரு மூலையைக் காட்டி இல்லை அங்கே என்றார், பிறகு கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். சிலர் புல்லைப் படம் எடுத்தார்கள். கடந்த காலத்தை மறக்கக் கூடாது என்று சுந்தரம் உருக்கமாகப் பேசினார், கேட்டவர்கள் கைதட்டினார்கள். வர்ஷா மட்டும் புல்லைப் பார்க்கவில்லை. சுந்தரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது கேட்பார், இதோ கேட்பார் என்று. ஏறும்போதும் அவர் கேட்கவில்லை. திரும்பி வரும் வழி முழுக்கக் கேட்கவில்லை.

டேங்க் ரோடு வந்தபோது பன்னிரண்டரை. கோயில் கதவு சாத்தியிருந்தது.

"லீலா, பார்த்து இறங்கு" என்று சுந்தரம் பின்னிருக்கையை நோக்கிக் குரல் கொடுத்தார். எட்டிப் பார்த்தார். இருக்கையில் வாஷர் பொட்டலம் மட்டும் இருந்தது.

"ஆண்ட்டி சவுத் பிரிட்ஜ் ரோட்லயே போயிட்டாங்க அங்கிள்."

"ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டா சொல்லச் சொன்னாங்க." வர்ஷா தரையைப் பார்த்தாள். "நீங்க கேக்கல."

லீலா வாசலுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தார். மடியில் தேங்காய் மூடி, பூ, விபூதிப் பொட்டலம். வலது முட்டி புடவைக்கு மேலாகவே வீங்கித் தெரிந்தது. சுந்தரம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சுத்தினியா?"

"மூணு சுத்தும் சுத்தினேன்."

"வலிச்சுதா?"

"ரெண்டாவது சுத்துல ரொம்ப. தூணைப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டு அப்புறம் நடந்தேன்." லீலா விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தார். "நம்ம ரெண்டு பேர் பேருக்கும் அர்ச்சனை பண்ணாங்க. வீட்டுக்காரர் எங்கம்மான்னு குருக்கள் கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"வழியில இருக்காருன்னு சொன்னேன்."

அதில் கோபம் இருந்திருந்தால் சுந்தரம் சமாளித்திருப்பார். கோபத்துக்கு அவரிடம் பல வருடத்துப் பதில்கள் கைவசம் இருந்தன. கல்யாணத்தன்று கைகோத்துக்கொண்டு சுற்றிய பிராகாரத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு அவள் தனியாக நின்றிருக்கிறாள். அந்த நேரத்தில் இவர் புல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். லீலா ஒரு சிட்டிகை விபூதியை எடுத்து அவர் நெற்றியில் இட்டுவிட்டு, கண்ணில் விழாமல் ஊதிவிட்டார். பிறகு எழுந்திருப்பதற்காகக் கையை நீட்டினார்.

சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது சுந்தரம் கடைசி வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முன்னாலிருந்து முபாரக் குறும்பாகக் கேட்டார்:

"அண்ணே, அடுத்து எங்க நிப்பாட்டணும்?"

"நேரா போ தம்பி."

அன்றோடு சுந்தரம் திருந்திவிட்டார் என்று எழுதி முடிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்ததே! மருத்துவமனையில் எட்டு மணிக்கு இருக்க வேண்டும் என்று லீலா சொல்லியிருந்தார். ஏழு மணிக்கே டாக்சி ஏறினார்கள். சுந்தரம் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கமே திரும்பாமல் வந்தார், சிராங்கூன் ரோடு வரும் வரைக்கும். பிறகு ஒரு வெந்நீர்ப் பை. ஒரு கைத்தடி. படுத்திருக்கும்போது தோதாக இருக்குமென்று இரண்டு பருத்தி நைட்டி, அந்தக் கடை திறக்கும் வரை வாசலில் காத்திருந்து. எல்லாம் லீலாவுக்காகத்தான், அவருக்கென்று ஒன்றுகூட வாங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மணியைப் பார்த்ததும்தான் அவருக்கு உயிரே போயிற்று. மருத்துவமனை வாசலில் லீலாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வரவேற்பு முகப்புக்கு ஓடினார்.

"ஸாரிம்மா, மன்னிச்சிரு, ரொம்ப லேட்டாயிடுச்சு! எங்களுக்காக டாக்டர் காத்துக்கிட்டிருப்பாரு!"

அங்கிருந்த சங்கீதா என்ற தாதி திரையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"லேட்டா? உங்களுக்குப் பதினோரு மணிக்குத்தானே அங்கிள். பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க."

சுந்தரம் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். லீலா, சுவரோரமாக இருந்த மீன்தொட்டியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லவே. நடுவழியில் ஒன்றிரண்டு வேலையை முடித்துக்கொண்டாலும், எந்தக் கல்யாணத்துக்கும் முகூர்த்தம் தவறாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறவர். ரொம்ப சந்தோஷம். அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மட்டும், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று வீட்டில் கேட்காதீர்கள். அழைப்பிதழை நீங்களே எடுத்துப் பாருங்கள். அதை எங்கே வைத்தோம் என்று வீட்டில் யாருக்குமே ஞாபகம் இருக்காது.